சித்தி கேட்ட அரம்

2016ஆம் ஆண்டில் வெலிமடையைச் சூழவுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். யுத்தத்தில் கணவரை இழந்து, வன்னியிலிருந்து மலையகத்துக்குத் திரும்பி வந்து வாழும் பெண்களுக்கு வாழ்வாதார உதவி வழங்கும் திட்டம் அது. தையல் இயந்திரம், கோழி வளர்ப்பு, ஆடு வளர்ப்பு, சிறு கடை என்று நான்கு கட்டங்கள் இருந்தன. ஐந்தாவது கட்டத்தில் 'வேறு' என்று போட்டிருந்தது. அந்த ஐந்தாவது கட்டத்தை நிரப்பும்படி அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. முதன்முதலில் கேட்டவர் என் சொந்தச் சித்தி.

"எனக்கு ஒரு அரம் வாங்கித் தா புள்ள. அது போதும்."

நான் சிரித்துவிட்டேன். "அரத்த வச்சி என்ன தொழில் செய்யப் போறீங்க சித்தி?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தேநீர் ஊற்றப் போய்விட்டார். நான் படிவத்தில் 'குறிப்பிட்ட தொழிலில் ஆர்வம் இல்லை' என்று எழிதிக் கையொப்பம் இட்டேன். பேராதனையில் சமூகவியல் படித்தபோது 'மக்களின் தேவையை மக்களிடமிருந்தே அறிதல்' என்ற தலைப்பில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான். அந்தப் படிவத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

லயத்தில் கேட்ட சத்தம்

சித்தியின் கதை உங்களில் பலருக்குப் புதிதல்ல. 1983 ஜூலை வன்செயல் பதுளைப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. அப்போது சித்திக்குப் பதினொரு வயது. உறவினர் ஒருவரோடு வவுனியாப் பக்கம் அனுப்பப்பட்டவர், அங்கிருந்து கிளிநொச்சி மாவட்டத்துக்குப் போய், அங்கேயே கலியாணம் செய்து, காடு வெட்டித் தோட்டம் செய்து வாழ்ந்தார். 2009இல் முள்ளிவாய்க்காலில் கணவரை இழந்தார். அவருடைய வலது தோளில் ஒரு ஷெல் துண்டு இன்றும் உள்ளேயே இருக்கிறது. மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2011இல் தன் தகப்பன் வாழ்ந்த அதே லயத்துக்குத் திரும்பி வந்தார். இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு.

அந்தத் தகப்பன், அதாவது என் தாத்தா, தோட்டத்தில் பேர் பெற்ற கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டுவார்கள் என்பது மலையகத்தார் அறிந்ததே. மலைநாட்டின் உயரமான இடங்களில் நான்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அது நடக்கும். கவ்வாத்துக் கத்தி மழுங்கியிருந்தால் கிளை வெட்டுப்படாது, பிளந்துபோகும். பிளந்த இடத்தில் தண்ணீர் இறங்கி, மரம் உள்ளுக்குள் உக்கிப்போகும். அதனால் விடியற்காலை பிரட்டுக்குப் போகும் முன்பு ஒவ்வொரு கவ்வாத்துக்காரரும் வாசலில் குந்தியிருந்து தன் கத்தியைத் தானே தீட்டுவார். 'சர்க்... சர்க்...' என்ற அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழித்தோம்.

ஆனால் அரத்தைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு இரும்பு வேல எதுக்கு?" என்பார்கள். கொழுந்துக்கூடை எங்களுடையது, கத்தி அவர்களுடையது. கவ்வாத்து வெட்டும் ஆண்கள் மதியத்தோடு வேலை முடித்து வீடு திரும்ப, கொழுந்து எடுக்கும் பெண்கள் மாலை வரை மலையில் நின்றார்கள். கத்தியைப் பிடிக்கத் தெரியாததும் தீட்டத் தெரியாததும் பெண்ணின் இயல்பு என்று நாங்களும் நம்பி வளர்ந்தோம்.

சித்தி ஏன் அரம் கேட்டார் என்பது படிவம் எழுதி ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அவர் அப்போது பக்கத்துக் கிராமத்தில் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் நாட்கூலிக்கு மண் கொத்தினார். அந்த வேலைக்கு மண்வெட்டியை அவரவர்தான் கொண்டுபோக வேண்டும். மழுங்கிய மண்வெட்டியால் கொத்தினால் ஒவ்வொரு கொத்தும் தோளில்தான் விழும். தீட்டித் தர லயத்தில் ஒருவர் இருந்தார். மண்வெட்டியைக் கொண்டுபோனால், "வச்சிட்டுப் போ, பொழுதுபட்டு நானே கொண்டாந்து தாறேன்" என்பாராம். பொழுதுபட்டு வருவார். வந்தவர் உடனே போக மாட்டார். இரண்டு தடவை அப்படி நடந்தது. மூன்றாம் நாள் பீலிக்கரையில் பேச்சு கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு சித்தி யாரிடமும் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. மழுங்கலோடு கொத்தினார். தோள் வீங்கியது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலைக்குப் போக முடிந்தது.

"ஒரு அரம் இருந்தா நான் யார் வாசல்லயும் போய் நிக்க வேண்டியதில்ல. அதத்தான் கேட்டேன். நீ என்ன தொழில்னு கேட்ட. நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

சகோதரிகளே, கணவரை இழந்த பெண்ணுக்குச் சின்ன உதவி என்று ஒன்று கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பல்பு மாற்ற, ஒரு தகரம் ஆணி அடிக்க, ஒரு மண்வெட்டி தீட்ட ஓர் ஆணின் தயவு தேவைப்பட்டால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. எங்கள் படிவத்தில் அந்த விலைக்குக் கட்டம் இருக்கவில்லை.

அடுத்த நாளே பதுளையில் ஓர் இரும்புக் கடையில் பத்து அங்குலத் தட்டை அரம் ஒன்றை என் காசில் வாங்கிக் கொடுத்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. அரத்தைத் தள்ளத் தோள் வேண்டும். பத்துத் தடவை தள்ளுவதற்குள் சித்தியின் கை நடுங்கத் தொடங்கியது. அரம் மூலையில் கிடந்தது.

தம்பானையில் கண்டது

2018இல் எங்கள் மகளிர் குழுவை ஒரு நாள் பயணமாகத் தம்பானைக்கு அழைத்துச் சென்றோம். வெலிமடையிலிருந்து பதுளை, அங்கிருந்து மகியங்கனை, அதற்கும் அப்பால் தம்பானை. அதுவும் எங்கள் பதுளை மாவட்டம்தான். இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்கள் வாழும் ஊர். அவர்கள் தம்மை 'வன்னியல எத்தோ', அதாவது வனத்து மக்கள் என்று அழைத்துக்கொள்கிறார்கள். இதைச் சொன்னதும், "அப்ப நானும் வன்னிக்காரிதானே!" என்று சித்தி சிரித்தார். அன்று வானில் எல்லாரும் சிரித்தோம்.

அவர்களுடைய கதையிலும் 1983 வருகிறது. அந்த வருடம் நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது அவர்களுடைய வேட்டைக் காடு அவர்களுக்கு அந்நியமாகியது. அவர்களின் மூத்த தலைவர் திசாஹாமி எத்தோ அந்தக் காட்டின் எல்லையிலேயே கடைசிவரை வாழ்ந்து 1998இல் காலமானார். அதன்பின் அவருடைய மகன் ஊருவரிகே வன்னில எத்தோ தலைவரானார். இன்று அவர்களுக்குப் பூங்காவுக்குள் வேட்டை இல்லை. ஆனால் அம்பு இருக்கிறது. சடங்குக்கும் வருகிறவர்களுக்குக் காட்டவும் அதைச் செய்கிறார்கள், தீட்டுகிறார்கள்.

அங்கே ஒரு வயோதிபர் மரத்தடியில் இருந்து அம்பு முனை தீட்டிக்கொண்டிருந்தார். இலை வடிவிலான தட்டை இரும்பு. இருபுறமும் விளிம்பு. நாங்கள் வழக்கமாகக் காண்பதற்கு நேர் எதிராக அவர் வேலை செய்தார். அரத்தை ஒரு கட்டையில் அழுத்தி வைத்து, அதன் பிடியைக் காலால் மிதித்திருந்தார். அரம் அசையவில்லை. அம்பு முனையை இரு கையாலும் பிடித்து அரத்தின்மேல் முன்னோக்கித் தள்ளினார். பிறகு தூக்கி எடுத்து, மறுபடி வைத்துத் தள்ளினார். தோள் அசையவே இல்லை. இடுப்பிலிருந்து உடம்பு கொஞ்சம் முன்னே சாய்ந்தது, அவ்வளவுதான்.

சித்தி அவருக்கு எதிரே குந்திவிட்டார். எல்லாரும் நூதனசாலையைப் பார்க்கப் போனபோதும் அவர் எழும்பவில்லை. இருபத்தெட்டு வருடம் வன்னியில் இருந்ததில் சித்திக்குச் சிங்களம் மறந்துபோயிருந்தது. நான் இருவருக்கும் இடையில் மொழிபெயர்த்தேன். ஏன் தூக்கித் தூக்கி வைக்கிறீர்கள் என்று சித்தி கேட்டார். "போகும்போது அரம் வெட்டும். இழுத்தால் அரத்தின் பல்தான் தேயும்" என்றார் பெரியவர். இரண்டு பக்கமும் ஏன் எண்ணிக்கொண்டு தீட்டுகிறீர்கள் என்று கேட்டார். ஒரு பக்கம் கூடத் தேய்ந்தால் அம்பு நேரே போகாது என்றார். நுனியை ஏன் மெல்லியதாக்கவில்லை என்று கேட்டார். எலும்பில் பட்டால் மடங்கிவிடும் என்றார். மழுங்கிய அம்பு பட்ட மிருகம் சாகாது, காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து துடிக்கும், அது பாவம் என்றும் சொன்னார். சித்தி தன் தோளைத் தடவிக்கொண்டார்.

வீடு திரும்பிய பிறகு நான் வேடர்களைப் பற்றித் தேடி வாசித்தேன். 1660இல் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டு 1679இல் தப்பிச் சென்ற ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681இல் வெளியான தன் நூலில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். வேடர்களுக்கு அம்பு முனை தேவைப்பட்டால் பகலில் ஊருக்குள் வந்து கேட்க மாட்டார்கள். இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சிச் சுமையைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய வடிவத்தில் ஓர் இலையை வெட்டி அதன் பக்கத்தில் தொங்கவிட்டுப் போவார்கள். கொல்லன் அந்த இலையைப் போலவே செய்து வைத்தால் மேலும் இறைச்சி கொண்டுவந்து கொடுப்பார்கள். செய்யாவிட்டால் என்றைக்காவது ஓர் இரவு அம்பெய்து தீங்கு செய்வார்கள்.

இதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். சித்தியும் ஓர் இலையைத்தான் என் முன்னால் தொங்கவிட்டிருந்தார். கொல்லனுக்கு இலையை வாசிக்கத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

வேடர்களைப் பற்றிய விரிவான ஆய்வு நூலை செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்டார்கள். 'அவுடே' என்ற நீண்ட அலகுள்ள அம்பை ஏந்தி ஆடும் சடங்கு பற்றியும் அதில் இருக்கிறது. அதே 1911இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு மனிதர் காட்டிலிருந்து தனியாக வெளியே வந்தார். அவருடைய இனத்தவரைக் குடியேறிகள் கொன்றழித்திருந்தார்கள். மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். தன் சொந்தப் பெயரை அவர் யாருக்கும் சொல்லவில்லை. அவருடைய மொழியில் 'மனிதன்' எனப் பொருள்படும் 'இஷி' என்றே அழைத்தார்கள். 1916இல் காசநோயால் இறக்கும்வரை ஒரு நூதனசாலையில் இருந்தார். அங்கே போத்தல் கண்ணாடியைச் செதுக்கி அம்பு முனை செய்து காட்டினார். அவரிடம் வில் பழகிய சாக்ஸ்டன் போப் என்ற வைத்தியர் 1923இல் வில் வேட்டை பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த வழியில் வந்த வில் வேட்டைக்காரர் பலர் இன்றும் தம் எஃகு முனைகளைக் கை அரத்தாலேயே தீட்டுகிறார்கள். மூன்று அலகுள்ள முனையென்றால், இரண்டு அலகுகள் ஒன்றாக அரத்தில் படியும்படி வைத்துத் தள்ளுவார்கள். அவர்களிடமும் பெரும்பாலும் அரம் அசைவதில்லை, அம்புதான் அசைகிறது.

எல்லாரையும் இழந்த ஒரு மனிதரின் கைகள் தெரிந்த வேலையை மறக்கவில்லை. இஷியைப் பற்றிச் சித்திக்குச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கண்ணாடிய வச்சா செஞ்சாரு?" என்று மட்டும் கேட்டார்.

தீட்டும் முறை

சித்தி இப்போது தீட்டும் முறையை உங்களுக்கும் சொல்கிறேன். சமையலறைக் கத்திக்கும் காட்டுக்கத்திக்கும் மண்வெட்டிக்கும் இது பொருந்தும்.

முதலில் அரத்துக்கு மரப்பிடி போடுங்கள். பிடியில்லாத அரத்தின் வால் உள்ளங்கையைக் குத்திவிடும். கத்தியிலுள்ள துருவையும் மண்ணையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் அரம் வழுக்கும், ஆகவே எண்ணெயைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்வு எவ்வளவு என்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். ஒரு காகிதத்தின் மூலையை எடுங்கள். அதை ஒரு தடவை சரிபாதியாக மடித்தால் வரும் சாய்வு மண்வெட்டிக்கு. கல்லில் படும் ஆயுதத்துக்கு விளிம்பு தடிப்பாக இருக்க வேண்டும். இன்னொரு தடவை மடித்தால் வரும் சாய்வு கத்திக்கு. அந்தக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே தீட்டலாம். கை பழகியதும் காகிதம் தேவைப்படாது.

சிறிய கத்தியென்றால் தம்பானைப் பெரியவரைப் போல அரத்தைக் கட்டையில் அசையாமல் வைத்துக் கத்தியை நகர்த்துங்கள். தோள், கை காயப்பட்டவர்களுக்கு இதுவே சுகமான வழி. மண்வெட்டியை அப்படித் தூக்கிப் பிடிக்க முடியாது. அதைப் பலகையில் வைத்துக் காலால் மிதித்து, அரத்தை இரு கையாலும் பிடித்து, கையால் தள்ளாமல் உடம்பைச் சாய்த்துத் தள்ளுங்கள். மண்வெட்டிக்கு ஒரு பக்கம் மட்டும் தீட்டினால் போதும். கத்திக்கு இரண்டு பக்கமும் எண்ணி ஒரே அளவாகத் தீட்டுங்கள்.

எந்த முறையானாலும் ஒரு திசையில் மட்டும்தான் வெட்ட வேண்டும். திரும்பும்போது தூக்கிவிடுங்கள். அழுத்தம் சீராக இருக்கட்டும். அவசரப்பட்டால் விளிம்பு அலை அலையாகப் போய்விடும். ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்ததும் மறுபக்கத்து விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பும். பெருவிரலை விளிம்புக்குக் குறுக்கே மெதுவாக வைத்தால் அது தட்டுப்படும். விளிம்பின் நீளத்துக்கு விரலை ஓட்டவே கூடாது. பிசிறு வந்தால் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். கடைசியில் அழுத்தமில்லாமல் இரண்டு மூன்று தடவை தீட்டிப் பிசிறை எடுத்துவிட்டு, கத்தியைத் தீட்டுக்கல்லில் முடியுங்கள்.

அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போனால் அந்த இரும்பு அரத்தை விடக் கடினமானது. அதோடு மல்லுக்கட்டாதீர்கள், அதற்குக் கல்தான் சரி. அரத்தின் பல்லில் தூள் அடைத்தால் கம்பித் தூரிகையால் துடையுங்கள். சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டுத் தீட்டினால் தூள் அவ்வளவாக அடைக்காது. இரும்புத் தூளை வாயால் ஊதாதீர்கள், கண்ணில் விழும். முடிந்ததும் கத்திக்குச் சிறிது எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கதவடியில் போஞ்சி

தம்பானையிலிருந்து வந்த அடுத்த நாள் சித்தி மூலையில் கிடந்த அரத்தை எடுத்தார். முதலில் தன் மண்வெட்டி, பிறகு எங்கள் வீட்டு அரிவாள்மனை, பிறகு பக்கத்து வீட்டு அக்காவின் காட்டுக்கத்தி. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்து எல்லாச் சாமான்களும் விலையேறியபோது, புதியது வாங்க முடியாதவர்கள் பழையதைத் தீட்டக் கொண்டுவந்தார்கள். சித்தி இரண்டாவது அரத்தைத் தன் காசிலேயே வாங்கினார்.

இது பெரிய வருமானம் என்று நான் சொல்ல மாட்டேன். சித்தி இன்னும் தோட்டங்களில் வேலை செய்கிறார். தோளும் இன்னும் வலிக்கிறது. ஆனால் இப்போது வாரத்தில் ஐந்து நாள் போகிறார். பொழுதுபட்டு அவருடைய கதவைத் தட்ட யாருக்கும் காரணம் இல்லை. விடியற்காலை வேலைக்குப் போகும் பெண்கள் மழுங்கிய மண்வெட்டியைச் சித்தியின் கதவடியில் சாத்தி வைத்துவிட்டுப் போவார்கள். பக்கத்தில் ஒரு பையில் போஞ்சியோ கிழங்கோ இருக்கும். மாலையில் கூர் வைத்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவார்கள்.

சென்ற மாதம் லயத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் சித்தியின் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஒருத்தி கையில் அரம் இருந்தது. ஒரு கிழவர் கடந்து போகையில், "பொம்பளப் புள்ளைக்கு இரும்பு வேல எதுக்கு?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஒங்க கத்தியும் மழுங்கித்தானே கெடக்கு, கொண்டாங்க தாத்தா" என்றார் சித்தி.

யுத்தம் முடிந்து எத்தனையோ வருடங்கள் போய்விட்டன. கூரான இரும்பைக் கண்டாலே மனம் பதறும் சகோதரிகள் உங்களில் இருக்கலாம். அவர்களை நான் வற்புறுத்தவில்லை. தயாராக இருப்பவர்கள் உங்கள் வீட்டிலுள்ள மழுங்கிய கத்தியொன்றை எடுத்துத் தொடங்குங்கள். என்னைப் போலப் படிவத்தோடு வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யாராவது ஒரு பெண் உங்களிடம் அரம் கேட்டால் சிரிக்காதீர்கள். எதற்கு என்று கேட்டுவிட்டு, தேநீர் ஊற்றப் போனவர் திரும்பி வரும்வரை பேனாவை மூடி வைத்திருங்கள்.